சித்தப்பா முகம் கீறுவதை விட்ட பங்குனி

எஸ்பியர்க் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் என்னோடு சனிக்கிழமைகளில் ஒரே வாங்குப் பலகையில் இருந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். உங்களுக்கும் இப்போது ஐம்பது வந்திருக்கும், அல்லது வாசலில் நிற்கும். சென்ற மாதம் நூலகத்தில் சித்தப்பாவின் மைச் சித்திரங்களைச் சுவரில் கொழுவியிருந்தார்கள். நீங்களும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்தீர்கள். வாசலில் டேனிஷில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. நான் எழுத்துக்கூட்டி வாசித்தேன். போரிலிருந்து வந்த கலைஞர் எங்கள் கடற்கரையில் அமைதியைக் கண்டார், அதனால்தான் அவருடைய படங்களில் மனிதர்களே இல்லை என்று எழுதியிருந்தார்கள். உங்களில் ஒருவர் என் தோளில் தட்டி, "என்ன வடிவா எழுதியிருக்கிறாங்கள், என்ன?" என்றார். நான் தலையாட்டினேன். நாலு பேருக்கு முன்னால் பேச எனக்கு அன்றும் வராது, இன்றும் வராது.

ஊரில் ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றுபோனது. பள்ளிக்கூடத்தில் முதலில் அகதிகள் வந்து இருந்தார்கள், பிறகு கூரை இருக்கவில்லை. இங்கே வந்த பிறகு இரண்டு வருடம் டேனிஷ் பிள்ளைகளோடு ஒரு வகுப்பில் வைத்திருந்தார்கள். வாயே திறக்காமல் இருந்த அந்த இரண்டு வருடத்தை நான் படிப்பில் சேர்ப்பதில்லை. அதன் பிறகு மீன் வெட்டும் இடத்துக்கு வேலைக்குப் போய்விட்டேன். கைக்குக் கிடைத்த தமிழ்ப் பத்திரிகைகளை வாசித்து வந்ததுதான் இந்த எழுத்து.

அப்பா இல்லை, அம்மா ஊரில். சித்தப்பா என்னைத் தன் மகன் என்று எழுதிக்கொடுத்துக் கூட்டிவந்தார். அவர், சித்தி, அவர்களுடைய மகள், நான். மகள் எனக்கு ஒரு வயது மூத்தவள், நான் அக்கா என்று கூப்பிடுவேன். துறைமுகத்துக்குப் பின்னால் இரண்டு அறை வீடு. மேற்குக் காற்று அடித்தால் மீன்தூள் ஆலையின் மணம் யன்னல் இடுக்கால் வந்து சித்தியின் சீலைகளில் ஏறும். சாம்பிராணி போட்டாலும் போகாது.

சித்தப்பா ஊரில் பத்திரிகைக்குக் கேலிச்சித்திரம் கீறியவர். இது இங்கே யாருக்கும் தெரியாது. பத்திரிகையில் அச்சுக்கோர்த்தேன் என்று சொல்லிவைத்திருந்தார். ஊரிலும் அவர் படத்துக்குக் கீழே பெயர் போட்டதில்லை. மூன்றாம் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம், அதற்குள் பெரிய மனிதர்கள். துவக்கு வைத்திருந்த இரண்டு பக்கத்தாரும், ஆமியும் இயக்கமும், பத்திரிகைக் கந்தோருக்கு வந்து, இதைக் கீறுகிறவன் யார் என்று கேட்டிருக்கிறார்கள். "அடுத்த நாளும் கட்டம் வந்தது. பாவி மனிசன், அடுத்த நாளும் கீறினது" என்று சித்தி சொல்வார். பெருமையாகச் சொல்வதில்லை, இன்னும் ஆறாத கோபத்தோடு சொல்வார். அந்தப் படங்களில் ஒன்றுகூட இப்போது இல்லை. வழியில் சோதனையில் பிடிபடும் என்று எல்லாவற்றையும் சித்தியே அடுப்பில் வைத்தார்.

இங்கே அவருக்கு ஒரு சீனச் சாப்பாட்டுக்கடையில் கோப்பை கழுவுகிற வேலை. கடை முதலாளியின் தகப்பன் மூலை மேசையில் இருந்து, சுவரில் தொங்கவிடுவதற்குத் தூரிகையால் எழுத்துகள் எழுதுவார். ஒரு நாள் சித்தப்பா ஓடர் எடுக்கும் துண்டின் பின்பக்கத்தில் அந்தக் கிழவரைக் கீறிவிட்டார். கிழவர் பார்த்துச் சிரித்து, சிரிப்பு இருமலாகி, கண்ணைத் துடைத்தாராம். மறுநாள் ஒரு மைக்கட்டியும் ஒரு கறுப்புக் கல்லும் பழைய தூரிகை ஒன்றும் கொடுத்துவிட்டார். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு மொழியும் கிடையாது.

கல்லில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு மைக்கட்டியைத் தேய்த்தால் கரியும் கற்பூரமும் கலந்த ஒரு மணம் வரும். எங்கள் வீட்டில் மீன்தூளை வென்ற ஒரே மணம் அதுதான். அந்த மையை அழிக்க இயலாது, வைத்தால் வைத்ததுதான். அதனால் சித்தப்பா ஒரு முகத்தைக் கீறுவதற்கு முன்னால் தானே அந்த முகமாக மாறிப் பார்ப்பார். குளிர்காலத்தில் பின்னேரம் நாலு மணிக்கே வெளியே கறுத்துவிடும், குசினி யன்னல் கண்ணாடியாகிவிடும். அதற்கு முன்னால் நின்று சொக்கையை உப்புவார், மூக்கைச் சுருக்குவார், நாடியைத் தூக்குவார்.

"பிள்ளையள் பயப்பிடுதுகள். கொஞ்சம் மனிசன் மாதிரி நில்லுங்கோவன்" என்பார் சித்தி.

சித்தப்பா எங்களை விசாரித்த பொலிஸ்காரரின் முகத்தோடு மெல்லத் திரும்பி, "அம்மா, உங்கட பெயரை ஒவ்வொரு எழுத்தாச் சொல்லுங்கோ" என்பார். சித்தி அகப்பையை எடுப்பார். நானும் அக்காவும் மேசைக்குக் கீழே கிடந்து சிரிப்போம்.

அந்தக் காலத்தில் கொப்பன்ஹேகனுக்குப் பக்கத்து ஹ்விடோவ்ரேயில் இருந்து ஒரு மாதப் பத்திரிகை வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். ஆசிரியர் தன் கையாலேயே எழுதிப் பிரதி எடுத்து அனுப்புவார். அதன் கடைசிப் பக்கப் படங்கள் சித்தப்பாவுடையவை. சோபாவின் பொலித்தீனைக் கழற்றாமல் வைத்திருந்து வரிசையாக வழுக்கி விழுகிற குடும்பம், சாரத்துக்கு மேலே கம்பளிக் கோட்டுப் போட்டுப் பனி வழிக்கிற மனிதர், எல்லாம் அவர் கீறியவை. உங்கள் வீடுகளில் அவற்றைக் கத்தரித்துக் குளிர்ப்பெட்டியில் ஒட்டியிருந்தீர்கள். கொப்பன்ஹேகனில் யாரோ கீறுகிறார்கள் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

தமிழ்ச் சங்கத் தலைவரைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. எங்களுக்கு முன்னால் வந்தவர், கார் வைத்திருந்தவர், டேனிஷ் தெரிந்தவர். எங்களுடைய கடிதங்களை வாசித்துச் சொன்னவர் அவர். எங்கள் வீட்டை எடுத்துத் தந்தவரும் அவர்தான். பிறகு நீங்கள் எங்களை நன்றி கெட்டவர்கள் என்று சொன்னதில் பாதி உண்மை. அக்கா பெரியபிள்ளையானபோது சித்தியின் தமையன்மார் ஒருவரும் இங்கே இல்லை. இங்கே யாருக்குத்தான் தாய்மாமன் இருந்தார்? ஊராரில் ஒருவரை மாமனாக வைத்து வேட்டி சால்வை கொடுத்துக் கேட்பதுதான் வழக்கமாகியிருந்தது. தலைவர் மாமனாக நின்று தண்ணீர் வார்க்கச் சம்மதித்தார். பங்குனியில் சாமத்தியவீடு, பூப்புனித நீராட்டு. மண்டபமும் எடுத்தாகிவிட்டது.

மாசியில் ஒரு நாள், முழங்காலளவு பனி. அகதி முகாமிலிருந்து ஒரு குடும்பம் ரயிலில் வந்து இறங்கியது. புருஷன், பெண்சாதி, இரண்டு சின்னப் பிள்ளைகள். அவர்களுக்கு ஓர் அறை பார்த்துவைத்திருப்பதாகத் தலைவர் சொல்லியிருந்தார். பெட்டி தூக்கச் சித்தப்பாவும் நானும் போயிருந்தோம். பிள்ளைகளுக்குக் கையுறைகூட இல்லை.

"ஊரிலை எவடம்?" என்றார் தலைவர்.

வந்தவர் ஊரின் பெயரைச் சொன்னார்.

"அது தெரியும். அதிலை எவடம்? கோயிலுக்கு இஞ்சாலையோ, அங்காலையோ?"

"அங்காலை, ஐயா."

தலைவரின் நாடி உயர்ந்தது. ஒரு கண் பாதி மூடியது. கீழுதடு மெல்ல முன்னால் வந்தது. "அந்த அறையிலை தண்ணிக்குழாய் வெடிச்சுப் போச்சு. நான் வேறை பாத்துச் சொல்லுறன்" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

அவர்கள் ஒன்பது நாள் எங்கள் வீட்டில் இருந்தார்கள். பிறகு சில்க்போர்க் பக்கம் வேலை கிடைத்துப் போய்விட்டார்கள். போன அன்றே சித்தப்பா மை தேய்த்தார். படம் இதுதான். கழுத்துவரை பனியில் புதைந்த ஒருவன் கையை நீட்டுகிறான். கரையில் நிற்கிறவர் தூக்கிவிடக் குனிகிறார், ஆனால் அவருடைய கை பாதி வழியில் நிற்கிறது. கீழே ஒரே வரி, 'ஊரிலை எவடம்?' கரையில் நின்றவரின் முகம் சரிவர ஐந்து பின்னேரம் பிடித்தது. ஐந்து நாளும் யன்னல் முன்னால் அவருக்குப் பக்கத்தில் நானும் நின்று அந்த முகத்தைச் செய்துகொண்டிருந்தேன். அவர் கவனிக்கவில்லை. வேலை செய்யும்போது அவருக்கு வேறொன்றும் தெரியாது.

இனி உங்களிடம் வருகிறேன். என்னை நீங்கள் 'ஊமை' என்றுதான் கூப்பிட்டீர்கள். படம் பத்திரிகைக்குப் போன கிழமை, சனிக்கிழமை இடைவேளையில், சப்பாத்துகள் காயவைத்திருந்த நடையில், தலைவரின் மகன் வழக்கம்போல, "ஊமை, ஏதாவது கதையனடா" என்றான். நான் கதைக்கவில்லை. நாடியை உயர்த்தினேன். ஒரு கண்ணைப் பாதி மூடினேன். கீழுதட்டை முன்னால் விட்டேன்.

முதலில் ஒருத்தி சிரித்தாள். பிறகு எல்லோரும். "எட, இது அப்பாடா! அச்சு அசல் அப்பா!" என்று தலைவரின் மகனே தரையில் இருந்து சிரித்தான். "திருப்பிச் செய்யடா, திருப்பிச் செய்யடா!" ஏழு தடவை செய்தேன். யாரோ எனக்கு ஒரு மிட்டாய் தந்தார்கள். வீட்டுக்குப் போகும்போது சொக்கை நொந்தது. இவ்வளவு நடந்த பிறகும் அந்த நடையை நினைத்தால் எனக்கு முதலில் வருவது சந்தோஷம்தான். அதற்காக என்னை நான் மன்னித்ததில்லை.

அடுத்த சனிக்கிழமை பத்திரிகைக் கட்டு வந்தது. ஆசிரியை ஆளுக்கொன்று கொடுத்தார். நீங்கள் கடைசிப் பக்கத்தைத் திருப்பினீர்கள். பிறகு ஒவ்வொருவராக என்னைப் பார்த்தீர்கள். தலைவரின் மகன் விரலை மடித்துக் கணக்குப் பார்த்தான். "பேப்பர் இண்டைக்குத்தான் வந்தது. இவன் போன கிழமையே செய்தவன். அப்ப கீறினது இவன்ர வீட்டிலைதான்" என்றான். எப்போதுமே கெட்டிக்காரன். பத்திரிகையை நாலாக மடித்துப் பையில் வைத்தான்.

அதன் பிறகு வீட்டில் தொலைபேசி அடிக்கத் தொடங்கியது. ஒருவருக்கு அன்றைக்கு வேலை, ஒருவருக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல் வரப்போகிறது. பலகாரம் சுட வருவதாகச் சொன்ன பெண்கள் எல்லோருக்கும் ஒரே நாளில் கை சுளுக்கியது. கடைசியில் தலைவரின் மகன் ஒரு பிளாஸ்டிக் பையை என் கையில் தந்துவிட்டான். உள்ளே சித்தப்பா கொடுத்த வேட்டியும் சால்வையும் மடிப்புக் கலையாமல் இருந்தன.

"ஆர் சொல்லியிருப்பினம்? அந்தாள் ஒருத்தருக்குத்தானே தெரியும்" என்றார் சித்தப்பா. நான் பக்கத்தில் நின்றேன். அவர் பத்திரிகை ஆசிரியருக்குத் தொலைபேசி எடுத்தார். "என்ர கழுத்தை வெட்டினாலும் சொல்லமாட்டன், அண்ணை" என்று அந்த மனிதர் மறுமுனையில் அழுதது எனக்குக் கேட்டது. சித்தப்பா நம்பவில்லை. வாயில் வந்ததையெல்லாம் சொல்லி வைத்துவிட்டார். இந்த நாட்டில் அவருக்கு இருந்த ஒரே சிநேகிதம் அன்றோடு போனது. அப்போதும் நான் பக்கத்தில்தான் நின்றேன்.

சித்தப்பா இறங்கிப்போகவில்லை. "வாற ஆக்கள் வரட்டும்" என்றார். சித்தியும் அவரும் இரண்டு பேராகவே இருநூறு பேருக்குச் சமைத்தார்கள். மண்டபம் ஒரு பள்ளிக்கூடத்தின் விளையாட்டுக் கூடம். பந்து போடும் வளையத்துக்குக் கீழே மணவறை. அதற்குப் பின்னால் சித்தப்பா மட்டையில் கீறி வெட்டிய இரண்டு வாழைமரம். பத்து மணிக்குத் தண்ணீர் வார்ப்பதென்று அழைப்பு அட்டையில் போட்டிருந்தது. அக்கா குளிக்கும் அறையில், டேனிஷ் பிள்ளைகள் உடம்பு கழுவும் குழாய்களுக்குக் கீழே, பலகையில் இருந்தாள். பாலும் அறுகும் வெள்ளித் தட்டில் இருந்தன. பதினொன்றாகியும் இருநூறு கதிரையில் ஒருவர் இல்லை. சீனக்கடைக் கிழவரும் முதலாளியும் மட்டும் கோட்டோடு பின்வரிசையில் இருந்து, மற்றவர்கள் எப்போது வருவார்கள் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அக்கா தலையை நிமிர்த்தவில்லை. "அம்மா, எனக்குக் குளிருது" என்று மட்டும் சொன்னாள்.

சித்தி சித்தப்பாவிடம் வந்தார். கத்தவில்லை. "போய்க் காலிலை விழுந்தாவது கூட்டிக்கொண்டு வாங்கோ. இல்லாட்டி இந்தப் பிள்ளையை நான் இப்பிடியே கூட்டிக்கொண்டு கடலுக்குப் போவன்."

சித்தப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். கார் எங்களிடம் இல்லை. சீனக்கடை முதலாளியின் வான் வண்டியில் போனோம்.

தலைவரின் வீட்டுக் கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே போனதும் நான் கண்டதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, உங்கள் தாய் தகப்பன்மாரில் பாதிப்பேர் அங்கேதான் இருந்தார்கள். பட்டுச்சீலை, தலையில் பூ, கழுத்தில் நகை, பிள்ளைகளுக்குச் சப்பாத்துக்கூடப் போட்டாயிற்று. கொண்டாட்டத்துக்கு வெளிக்கிட்டு வந்து, சித்தப்பாவை எதிர்பார்த்துக்கொண்டு சோபாவில் இருந்தார்கள். யாருக்கும் காய்ச்சல் இல்லை.

"வாருங்கோ, இருங்கோ" என்றார் தலைவர். சித்தப்பா இருக்கவில்லை.

"பிள்ளை குளிரிலை இருக்குது. பிழை என்ரதுதான். வந்து வார்த்துவிடுங்கோ."

"எங்கடை ஆள் எண்டுதான் எனக்கு மனவருத்தம். அங்காலை ஆக்கள் கீறியிருந்தால் நான் சிரிச்சிட்டு விட்டிருப்பன்." தலைவர் தேநீரை ஒரு வாய் குடித்தார். "ஆர் காட்டிக்குடுத்ததெண்டு யோசிக்கிறியள், என்ன? ஹ்விடோவ்ரேக்காரன் வாயே திறக்கேல்லை. தம்பி, இஞ்ச வா. அண்டைக்குப் பள்ளிக்கூடத்திலை செய்தியாம், ஒருக்கா எங்களுக்கும் செய்து காட்டு."

நான் சித்தப்பாவின் கையை இறுக்கிப் பிடித்தேன்.

"செய், தம்பி. அக்காவுக்குக் குளிருதெல்லோ."

செய்தேன். நாடி, கண், உதடு. ஒருவரும் சிரிக்கவில்லை. யாரோ ஒரு பெண்ணின் வளையல் மட்டும் சத்தம் போட்டது. சித்தப்பா என் முகத்தைப் பார்த்தார். கோபம் இருக்கவில்லை. ஐந்து பின்னேரம் பக்கத்தில் யார் நின்றது என்று அப்போதுதான் கண்டவர் போலப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

"இனிமேல் ஆரின்ர மூஞ்சியும் வேண்டாம்" என்றார் தலைவர். "பூ இருக்கு, மரம் இருக்கு, குருவி இருக்கு. கீறுறதுக்கோ பஞ்சம்? பிள்ளையின்ர தலையிலை சத்தியம் பண்ணுங்கோ, இப்பவே வாறம்."

"ஓம்" என்றார் சித்தப்பா.

அரை மணித்தியாலத்தில் கூடம் நிறைந்தது. நீங்கள் எல்லோரும் வந்தீர்கள். வளையத்துக்குக் கீழே ஓடி விளையாடினீர்கள். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு, வடைக்கு உப்புக் குறைவு என்று சொன்னவர்களும் உண்டு. தலைவர் பாலும் அறுகும் வைத்துத் தண்ணீர் வார்த்தார். அன்றைய படங்கள் ஒட்டிய அல்பத்தைச் சித்தி பிறகு எங்கேயோ ஒளித்துவிட்டார், யார் தேடியும் கிடைக்கவில்லை.

சித்தப்பா சத்தியத்தைக் காப்பாற்றினார். முதலில் நாணல், பிறகு வற்றிய கடலின் சேறு, கடற்காகம், கல். கிழவரின் கடைச் சுவரில் அவர் தொங்கவிட்ட ஒன்றைப் பார்த்து நூலகத்தில் வேலை செய்யும் டேனிஷ் பெண்மணி ஒருவர் தேடி வந்தார். ஒரு கண்காட்சி, பிறகு நாலு. பத்திரிகைகள் எழுதின. ஒரு ஆஸ்பத்திரி நடைக்கு முப்பது படம் வாங்கினார்கள், நோயாளிகளுக்கு அமைதி தருமாம். சங்கத்தின் ஆண்டுவிழாவில் தலைவரே பொன்னாடை போர்த்தி, "எங்கடை மண்ணின்ர கலைஞன்" என்று ஒலிவாங்கியில் சொன்னார். நீங்கள் கைதட்டினீர்கள். துவக்கோடு வந்தவர்களால் முடியாத காரியத்தை நாங்கள் ஒரு நேரச் சாப்பாட்டுக்கு முன்னால் செய்து முடித்தோம். 'நாங்கள்' என்றுதான் எழுதுகிறேன்.

பேர் வந்த பிறகு அவருக்குத் தலைக்கனம் என்று நீங்கள் சொல்வீர்கள். "நேரே பாத்துக் கதைக்கிறாரில்லை, நிலத்தைப் பாத்துக்கொண்டு நிக்கிறார்." நானும் அப்படித்தான் நினைத்தேன். என்மேல் உள்ள கோபம் என்று நினைத்தேன். முப்பது வருடத்துக்கு மேல் அதே ஊரில் இருந்தும், ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவர் வீட்டுக்குப் போய் வந்தும், நானும் எதுவும் கேட்கவில்லை, அவரும் எதுவும் சொல்லவில்லை.

மூன்று வருடத்துக்கு முன்னால் தலைவர் செத்துப்போனார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் போனேன். சித்தப்பா மேசையில் நாணல் கீறிக்கொண்டிருந்தார். எனக்கு வாய் எப்படி வந்ததோ தெரியாது.

"அந்தாள் போயிட்டுது, சித்தப்பா. அக்காவுக்கும் பேரப்பிள்ளை வந்திட்டுது. இனி அந்தச் சத்தியம் ஆருக்கு? நீங்கள் இனி மூஞ்சி கீறலாம்தானே?"

அவர் தூரிகையைக் கழுவினார். அவசரப்படாமல், தண்ணீர் தெளியும்வரை கழுவினார்.

"கண்டால் கை கேக்குமடா" என்றார். "கேட்டால் கீறிப்போடுவன். அதாலை சனத்தின்ர மூஞ்சியைப் பாக்கிறதை விட்டிட்டன். அண்டையிலையிருந்து சப்பாத்தைத்தான் பாக்கிறன். இப்ப கீறச்சொன்னால் எனக்கு ஆரின்ர மூஞ்சி தெரியும்? சித்தியின்ரதே தெரியாது."

"என்ரதைக் கீறுங்கோ" என்றேன். பக்கத்துக் கதிரையை இழுத்து யன்னல் வெளிச்சத்தில் இருந்தேன்.

கனநேரம் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையை நிமிர்த்தினார். கண் முதலில் என் நெற்றியில் நின்றது, பிறகு மெல்ல இறங்கியது. அறியாத வீட்டுக்குள் வந்தவர் மாதிரி இங்கும் அங்கும் தேடினார்.

"எட தம்பி" என்றார். "நீ முழுக்க நரைச்சுப்போனாய். எப்பயடா நரைச்சனீ?"